ஆடு அறுக்கும் தொட்டிக்கு ஒரு டாக்டரை அனுப்புங்கள்: நகராட்சி ஆணையருக்குக் கறிக்கடைக்காரர் ஒருவரின் திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் தெருக் கடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஈரலில் சீழ் இருந்த போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது, மதியத்துக்குள் உங்கள் ஆட்கள் வந்து கடையில் இருந்த மொத்தக் கறியிலும் பினாயிலை ஊற்றி, அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சீழ் வைத்ததை விற்றது தப்புதான், அதில் வாதமே இல்லை. ஆனால் அந்த ஆட்டின் மேல், விற்கலாம் என்று தொட்டியில் குத்தும் உங்கள் முத்திரை இருந்ததே, அதற்கு யார் அபராதம் கட்டுவது?

நெறிக்கட்டு, அதாவது சீழ்க்கட்டி வைக்கும் நோய், உள்ள ஆடு பெரும்பாலும் நன்றாகத்தான் தழை தின்னும், சந்தையில் நல்ல விலைக்கும் போகும். காதுக்குக் கீழேயோ தோள்பட்டைக்கு முன்னாலோ கட்டி இருந்தால் கை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம். நுரையீரலிலும் ஈரலிலும் இருப்பது அறுத்துத் திறந்தால்தான் தெரியும். வெட்டினால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக, கெட்டியாக, பச்சை கலந்த வெள்ளையில் சீழ். அதில் பட்ட கத்தியை என்ன செய்வது? தொட்டியில் வெந்நீர் கிடையாது, குழாயில் தண்ணீர் வருவதே விடிந்த பிறகுதான். பக்கத்து ஆள் வாளியில் முக்கி, துணியில் துடைத்து, அடுத்த ஆட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. ஓரத்தை மட்டும் அரிந்து எறிந்தால் போதுமா, மொத்த ஆட்டையும் கழிக்க வேண்டுமா? அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இருட்டில், செல்போன் வெளிச்சத்தில், ஆட்டுக்குக் காசு போட்டவனையே அந்த முடிவை எடுக்கச் சொன்னால் அவன் என்ன முடிவு எடுப்பான்?

அறுத்த பிறகு ஒரு கால்நடை மருத்துவர் உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். அறுப்பதற்கு முன்னால் பார்ப்பதிலேயே, ஒரு மருத்துவர் மணிக்கு 12 உருப்படிக்கு மேல், நாளைக்கு 96-க்கு மேல் பார்க்கக் கூடாது என்று 2001-ல் வந்த மத்திய அரசின் இறைச்சிக்கூட விதி சொல்கிறது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆட்டுக்கும் முத்திரை விழுந்து முடிவதற்குள் டீ கூட ஆறாது. குத்துகிறவர் டாக்டரும் இல்லை.

அப்புறம் ஆட்டின் ஈரலில் வரும் இந்த நீர்க்கட்டி. அது உள்ள ஈரலைப் புதைக்கக் குழி இல்லை, பின்பக்கம் போய் விழுகிறது, நாய் தின்கிறது. கட்டிக்குள் இருக்கும் புழு நாயின் குடலில் வளர்ந்து, முட்டை அதன் மலத்தோடு வெளியே வந்து, கடைசியில் மனிதன் ஈரலில் கட்டி வைக்கும். தெருநாய்த் தொல்லைக்கு வருஷா வருஷம் கூட்டம் போடுகிறீர்கள், தொட்டியின் பின்சுவர் ஓட்டையை அடைக்க மட்டும் நிதி இல்லை. கட்டணம் வாங்கும் ரசீதுப் புத்தகம் மட்டும் ஒரு நாளும் தீர்ந்து போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு விடிகாலை நாலு மணிக்குத் தொட்டி திறக்கும். அறுத்த பிறகு பார்க்க தயவுசெய்து ஒரு மருத்துவரை அனுப்பி வையுங்கள். அவர் கழிக்கச் சொன்னதை மறுபேச்சில்லாமல் கழிக்கிறோம். எதற்காகக் கழித்தார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், ஆடு விற்ற வியாபாரியிடம் காசை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொட்டிக்கு வரும் கறிக்கடைக்காரர்களில் ஒருவன்