ஞாயிறு உரையாடல்: நீலம் பூசிய எல்லை வேலி

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு மாலை ஆனா தெரேசா ஃபெர்னாண்டஸ் பற்றிப் பேசுகிறோம். மெக்சிகோவின் டாம்பிகோவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஓவியர்.

2011இல், அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரமான திஹுவானாவின் கடற்கரையில், கறுப்பு கவுனும் ஹை ஹீல்ஸுமாக ஏணியில் ஏறி, கடலுக்குள் இறங்கும் எல்லை வேலியின் துருப்பிடித்த கம்பிகளுக்கு வான நீலம் பூசினார். தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் வேலியே தெரியவில்லை. அதன் புகைப்படத்தைப் பெரிதாக்கி, நீலம் முடிந்து துரு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது அங்கேதான்.

அப்புறம், 'எர்ரே' என்ற பெயரில் அறியப்படும் கலைஞர் மார்க்கோஸ் ராமிரெஸ் 1997இல் அதே எல்லையின் சான் இசித்ரோ எல்லைச் சாவடியில் நிறுத்திய இரட்டைத்தலை மரக்குதிரையையும் பார்த்துவிடுங்கள். ஒரு தலை மெக்சிகோ பக்கம், மற்றது அமெரிக்கா பக்கம்.

கேள்விகளைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே போடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களும் தயங்காமல் பேசலாம்.