பேஸ் டிரம் அடித்த நண்பனுக்கு

கேண்டன், ஒஹாயோ
21.8.2016

அன்புள்ள மக்கா,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, தகும். பாப்பாவுக்குக் கவுன்சலிங்கில் திருநெல்வேலியிலேயே இடம் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நீ புலம்புவதைக் கேட்க வேண்டியதில்லை பார். உன் முழங்காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பதைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படியேறாதே என்றால் ஏறாமல் இரு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நீதான் எட்டிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

நேற்று முன்தினம் ஒலிம்பிக் பாட்மின்டன் இறுதி ஆட்டத்தில் பி.வி. சிந்து ஆடியதைப் பார்த்தாயா? இங்கே அப்போது காலை ஒன்பதரை மணி. ஆபீஸில் கம்ப்யூட்டரின் ஓரத்தில் சின்னதாகத் திறந்து வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். முதல் கேமை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் நடந்ததுதான் தெரியுமே. வெள்ளி பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைசி ஆட்டத்தில் தோற்று வாங்குகிற பதக்கம் அது. அந்த வலியை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பதில் போடாமல் இருந்ததற்கும் இந்த ஊரின் ப்ளூகோட்ஸ் டிரம் குழுதான் காரணம், அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்து அள்ளிப் போடுகிறவர். ரிட்டயரானவர், அறுபதை நெருங்குகிறார். இங்கே வந்த புதிதில் ஒருநாள் அவர் வீட்டு கராஜிலிருந்து டாடி-மம்மி கேட்டது. ஆமாம், நம் பள்ளிக்கூட பேண்டு மாஸ்டர் தொடையில் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தாரே, அதே டாடி-மம்மி டிரம் பாடம், மெதுவாக ஆரம்பித்து உருட்டலாக மாறுகிற அதே வாசிப்பு. இருபது வருஷம் கழித்துக் கேட்கிறேன். போய் எட்டிப் பார்த்தேன். ரப்பர் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். நானும் சைட் டிரம் அடித்தவன் என்று சொன்னதும் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குப் பத்து நொடிகூட ஓடவில்லை. மணிக்கட்டு செத்துப்போயிருந்தது.

அவர் எழுபதுகளின் கடைசியில் இந்த ஊர் ப்ளூகோட்ஸ் குழுவில் வாசித்தவர். டிரம் கோர் என்பார்கள். நம் பள்ளிக்கூட பேண்டின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் சங்கங்களில் பியூகிள் என்ற ஊதுகொம்பும் டிரம்முமாக ஆரம்பித்த வழக்கம். கிளாரினெட், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. பித்தளை, தோல், கொடி வீசுகிறவர்கள், அவ்வளவுதான். இந்த 2016 விதிப்படி ஒரு குழுவில் அதிகபட்சம் 150 பேர். இருபத்தொரு வயதோடு சரி, அதற்கு மேல் யாராக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். கோடைக்காலம் முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து உள்விளையாட்டு அரங்கின் தரையில் படுப்பார்கள், வெயிலில் பகல் முழுக்கப் பயிற்சி, ராத்திரி போட்டி, மறுபடி பஸ். சம்பளம் கிடையாது. பிள்ளைகள்தான் சில ஆயிரம் டாலர் கட்டணம் கட்டிச் சேர வேண்டும்! இவ்வளவும் எதற்கு? பதினொன்று, பன்னிரண்டு நிமிஷம் ஓடுகிற ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு. ஒரு சீசன் முழுக்க அதையேதான் செதுக்குவார்கள்.

இந்தக் குழு தொடங்கியது 1972. போலீஸ்காரர்களை நினைத்துத்தான் அந்த நீலக் கோட்டுப் பெயர். ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேண்டன் போலீஸ் ஆதரவில் ஆரம்பித்தது. டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தேசிய அளவில் முதல் சாம்பியன்ஷிப் நடத்தியதும் அதே 1972-ல்தான், விஸ்கான்சினில். ஒரே வயசு. ஆனால் போட்டியில் பெரிய குழுக்கள் மாறி மாறிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் பெயரே பலருக்குத் தெரியாது. 1983-ல் கடையை மூடுகிற நிலைமை. டெட் ஸ்வால்டோ என்ற உள்ளூர்த் தொழிலதிபர் பொறுப்பெடுத்துத் தூக்கி நிறுத்தினார். 1987-ல் முதல்தடவையாக ஃபைனல்ஸுக்குப் போகிற பன்னிரண்டு குழுக்களுக்குள் வந்தார்கள். ஒஹாயோவிலிருந்து அதுவரை எந்தக் குழுவும் அங்கே போனதில்லை. அப்புறம் ஜாஸ் வாசிக்கிற நல்ல குழு என்று பெயர் எடுத்தார்கள். நல்ல குழு, அவ்வளவுதான். முதல் மூன்று இடத்துக்குள் வர 2010 ஆகிவிட்டது.

2014-ல் இவர்கள் செய்ததை நீ யூடியூபில் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘டில்ட்’ என்று நிகழ்ச்சிக்குப் பெயர். சின்தசைசரும் பித்தளை வாத்தியங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சுரத்தை அப்படியே சரித்துக்கொண்டு போகும். உன் மாமனார் நாதஸ்வரத்தில் ஜாரு என்று வாசித்துக் காட்டுவாரே, அதை ஒரு மைதானம் முழுக்க நின்று வாசித்தால் எப்படி இருக்கும்? எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்த வருஷம் பார்த்து கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் நூற்றுக்கு 99.65 வாங்கி வைத்தார்கள். அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண். இவர்களுக்கு வெள்ளி. அடுத்த வருஷம் மூன்றாம் இடம். பக்கத்து வீட்டுக்காரர் அந்த இரண்டு வருஷமும் சாம்பியன்ஷிப் நடந்த இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் பேசவே இல்லை.

இந்த வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். உள்ளே நுழைந்ததுமே எனக்கு ஒரு குழப்பம். ப்ளூகோட்ஸ் மைதானத்துக்குள் வந்தபோது கூட்டம் மொத்தமும் “ஊ…” என்று கத்தியது. ஐயோ, விரட்டுகிறார்களா என்று பதறிவிட்டேன். இவரும் அதையே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அது “ப்ளூ…” மக்கா! இழுத்துக் கத்தும்போது ‘ப்ள’ காணாமல் போய்விடுகிறது.

நிகழ்ச்சியின் பெயர் ‘டவுன் சைட் அப்’. மைதானத்தில் பிள்ளைகள் பூங்காவில் இருக்கிற சறுக்கு மாதிரி வளைந்து உயர்ந்த மேடைகள். வாத்தியத்தோடு அதில் ஏறுகிறார்கள், சறுக்கி இறங்குகிறார்கள், சாய்ந்து படுத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். தலையில் தொப்பி கிடையாது. மிடுக்கான பழைய கோட்டும் கிடையாது. நம் மாஸ்டர் பார்த்திருந்தால் அணிவகுப்புக்கு முன்னால் பிடிக்கிற மேஜர் கோலை எறிந்துவிட்டு ராஜினாமா செய்திருப்பார். ஆனால் வாசிப்பில் ஒரு பிசிறு இல்லை. சறுக்கி இறங்குகிறவனின் மூச்சு எப்படி அந்த ஊதலில் ஆடாமல் நிற்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. டிரம் வரிசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மெயில் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பேஸ் டிரம்மை இங்கே ஒரே ஆள் அடிப்பதில்லை. அளவு வாரியாக நாலைந்து பேர் வரிசையாக நின்று ஒரு ஓட்டத்தைப் பிய்த்துப் பங்குபோட்டு ஆளுக்கு ஓரிரு அடியாக அடிப்பார்கள். கேட்டால் ஒரே ஆள் அடிப்பது போல இருக்கும். உன்னை நினைத்துக்கொண்டேன். நீ மொத்த அணிவகுப்பையும் ஒரே கையில் தாங்கினவன்.

முடிவை அறிவிக்கும்போது பன்னிரண்டாம் இடத்திலிருந்து மேலே வருவார்கள். கரோலினா க்ரவுன் மூன்றாவது என்றதும் இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இனி மிச்சம் இரண்டு பெயர். ஒன்று ப்ளூ டெவில்ஸ், பதினேழு தடவை சாம்பியன். இன்னொன்று, ஒரு தடவைகூட இல்லை. இரண்டாம் இடம், 97.25 என்று வாசித்துவிட்டு ப்ளூ டெவில்ஸ் பெயரைச் சொன்னார்கள். ப்ளூகோட்ஸின் 97.65-ஐ என் காது கேட்கவே இல்லை. அதற்குள் கூரை பிளக்கிற மாதிரி “ஊ…”

பிள்ளைகள் மைதானத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அது எதிர்பார்த்ததுதான். எங்கள் வரிசையைச் சுற்றி நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள், நரைத்தவர்கள், ஒரு பாட்டி, எல்லோரும் இருக்கைகளைத் தாண்டித் தாண்டிப் போய் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தேம்புகிறார்கள். அத்தனை பேரும் பழைய உறுப்பினர்கள். எந்த வருஷம், எந்த வாத்தியம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், உடனே சொந்தமாகிவிடுகிறார்கள். இவர் வாசித்த காலத்தில் ஃபைனல்ஸ் என்பதே கனவு. இருபத்தொன்றில் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர். அந்த மேடையேறிய பிள்ளைகளில் ஒருவரைக்கூட இவருக்குப் பெயர் சொல்லித் தெரியாது. ஆனால் ஜெயித்தது தானில்லை என்று அவர் ஒரு நொடி நினைத்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது கொலம்பஸ் தாண்டி ஒரு காபிக் கடையில் நிறுத்தினோம். அதிகாலை மூன்று மணி. அங்கேதான் குறை சொல்ல ஆரம்பித்தார். மைக் எதற்கு, சின்தசைசர் எதற்கு, 2004-லும் 2009-லும் விதியைத் தளர்த்தினபோதே தலையெழுத்து மாறிவிட்டது, கோட்டே போடாதவனுக்கு ப்ளூகோட்ஸ் என்று என்ன பெயர் என்று விலாவாரியாகத் திட்டினார். அப்படியானால் இந்தப் பட்டம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அது வேறு, இது வேறு” என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வீட்டில் பிள்ளை மீசையை மழித்துவிட்டு வந்தால் திட்டுவோம். அவனே முதல் மார்க் வாங்கினால் தெரு முழுக்க மிட்டாய் கொடுப்போம். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம்.

என் கருத்து வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டைக் கழற்றியதால்தான் ஜெயித்தார்கள். பெரிய குழுக்கள் வாசிக்கிற மாதிரியே வாசித்துப் பதினேழு தடவை ஜெயித்தவனை முந்த முடியாது. 2014-ல் தங்களுக்கென்று ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி திறந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. பனிக்காலம் வரப்போகிறது, வாசலை அள்ள ஆள் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுப் பின்புறம் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் அந்தக் காலத்து டிரம் வரிசை. ஒருவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, குச்சி நிற்கவில்லை. அவரும் ஒரு ரப்பர் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். நடுங்குகிற கையை வேலிக்கட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டு மற்றக் கையால் மட்டும் வாசித்தார். விட்டுப்போன அடிகளைப் பக்கத்தில் இருந்தவர் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். நான் வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதிலிருந்து நம் பேண்டு ஞாபகம்தான். வ.உ.சி. மைதானத்தில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் மூன்றாம் பரிசு. நாம் படித்த ஐந்து வருஷமும் அதே. ஒரு வருஷம் இரண்டாவது வருவோம் என்று மாஸ்டர் சத்தியம் செய்தார், அன்றைக்குப் பார்த்து உன் டிரம் வார் அறுந்து விழுந்தது. நீ டிரம்மை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அடித்தபடியே கொடிக் கம்பம் வரை வந்தாய். அன்றைக்கு உன்மேல் பயங்கரக் கோபம் எனக்கு. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது.

கேட்க நினைத்தது இதுதான். போன வாரம் சுதந்திர தினத்துக்கு நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசித்தார்களா? பேண்டு இன்னும் இருக்கிறதா, இல்லை கம்ப்யூட்டர் லேப் வந்து அந்த அறை போய்விட்டதா? உன் முழங்கால் சரியானதும் ஒரு நடை போய்ப் பார். பியூன் அண்ணனிடம் சாவி வாங்கி, உன் பழைய டிரம் கிடந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தோல் கிழிந்திருந்தால் எவ்வளவு ஆகும் என்று சந்திப்பில் விசாரித்துச் சொல், பணம் நான் அனுப்புகிறேன். வாரையும் சேர்த்து விசாரி.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய சைட் டிரம்