சிரட்டைக்கரிக்கு ஒரு நன்றி

அன்பான பங்கு மக்களே,

சனிக்கிழமை ராத்திரி மழையில் என்ன நடந்தது என்று இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. எல்லோரும் நனைந்தவர்கள்தான். பிள்ளைகள் முதல் திருவிருந்துக்கு உடுத்தும் வெள்ளைப் புதுநன்மைக் கவுன்களை வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பாமல் மறைக்கல்வி அறையிலேயே வைத்திருப்போம் என்றது என் யோசனை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். காணாமல் போனதைத் தேடித் தருபவர் நம் கோடி அற்புதர், புனித அந்தோணியார். அன்று காணாமல் போனது என் புத்தி.

இந்த ஆண்டு அந்தோணியார் திருநாளான ஜூன் 13 சனிக்கிழமையிலேயே வந்துவிட்டதால் எல்லாம் இரண்டே நாளில் நெருக்கியடித்தது. ராத்திரி தேர், விடிந்தால் 6 மணிக்கு முதல் திருவிருந்து, அப்புறம் திருவிழாத் திருப்பலி, மலையாளத் திருப்பலி, மாலையில் கொடியிறக்கம். நடுவில் அந்த அறையிலேயே நனைந்துபோன 23 கவுன்கள் சொட்டச் சொட்ட. கரண்டும் இல்லை. ஜெனரேட்டர் மைக் செட்டுக்கே திணறியது.

நானும் இரண்டு அம்மாக்களும் வராந்தாவில் நின்று கவுன்களைப் பிழிந்துகொண்டிருந்தோம். தேர் பார்க்க வந்திருந்த இஸ்திரி வண்டி அண்ணாச்சி எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "பிழியாதீங்க டீச்சர், அந்தச் சுருக்கம் அப்புறம் போவாது. காஞ்ச துண்டுல சுருட்டிக் கொண்டாங்க."

அவர் நம் பங்குக்காரர் இல்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. பள்ளிக்கூடத் திண்ணைக்கு வண்டியைத் தள்ளி வந்து, தேங்காய்ச் சிரட்டைக்கரியைப் பற்றவைத்தபோது மணி ஒன்றரை. கவுனை உள்பக்கம் திருப்பி, மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டுத்தான் தேய்த்தார். கரி மங்கும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்று விசிறினார். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுச் சாம்பல் விழக்கூடாதாம். ஒவ்வொரு கவுனுக்கும் இதே நடை. ஐந்து மணிக்குப் பந்தல் கயிற்றில் 23 கவுன்களும் வரிசையாகத் தொங்கின.

பணம் நீட்டினேன். "புள்ளைக காரியத்துக்கு என்ன டீச்சர்" என்று கட்டன்சாயா மட்டும் வாங்கிக் குடித்தார். ஆறு மணிக்குப் பார்த்தால் கோயிலின் கடைசித் தூணோரம் நிற்கிறார். எல்லோரும் பீடத்தைப் பார்க்க, அவர் கண் கவுன் ஓரங்களிலேயே இருந்தது. "மூணாவதா போன பாப்பாவுக்குத் தோள்ல ஒரு மடிப்பு விட்டுட்டேன்" என்று மறுநாள் வரைக்கும் வருத்தப்பட்டார். சத்தியமாக எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

பங்குத்தந்தை, பங்குப் பேரவை, அருட்சகோதரிகள், நனைந்த தொண்டையோடும் சுருதி விடாத பாடகர் குழு, தேரின் மேல் தார்ப்பாயைப் பிடித்தபடியே வந்த இளைஞர்கள், தூக்கக் கலக்கத்திலும் மணியைத் தப்பாமல் அடித்த பீடச் சிறுவர்கள், அடுப்பு நனைந்தும் அன்பு விருந்துக்குச் சோறு வடித்த அன்பியக் குழுவினர் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை.

அண்ணாச்சியின் தெருவில் அடுத்த அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பாத்திரம் கழுவ மறைக்கல்வி ஆசிரியர்கள் ஆறு பேரும் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

ஒரு கவுனின் இடுப்பு நாடா அவர் வண்டிக் கம்பியில் இன்னும் தொங்குகிறது. யாருடையது என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் தேய்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மறைக்கல்வி டீச்சர்