எவர்ட்ஸா, கார்மைக்கேலா: முதலில் அளவுகோலைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கரடுமுரடான மண் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் தலைசிறந்த வீரர் பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் எவர்ட்ஸ்தான் என்று வாதிட்ட தங்கள் இதழின் கட்டுரையையும், அதை மறுத்து அமெரிக்காவின் ரிக்கி கார்மைக்கேலை முன்னிறுத்திய வாசகர் கடிதங்களையும் படித்தேன். இரு தரப்பினரும் விடையை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குத் தோதான எண்களைப் பிறகு தேடியிருப்பதாகவே தோன்றுகிறது. பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். செய்முறைத் தேர்வில் விடையைத் தெரிந்துகொண்டு அளவீடுகளைப் பின்னிருந்து எழுதி வரும் மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

நூறு மீட்டர் ஓட்டத்தைப் போல இங்கே கடிகாரத்தை நம்ப முடியாது. காலையில் சமமாகக் கிடந்த மணல் தடத்தில் நாற்பது வண்டிகள் சில சுற்றுகள் போய்விட்டால் வளைவுகளில் ஆழமான பள்ளங்கள் விழுந்துவிடுகின்றன. மாலையில் ஓடுபவருக்குக் கிடைப்பது வேறு தடம். அதனால்தான் வெற்றிகளை எண்ணுகிறோம். எவர்ட்ஸுக்கு உலகப் பட்டத் தொடரில் 101 கிராண்ட் பிரீ வெற்றிகள். கார்மைக்கேலுக்கு, விளையாட்டரங்குகளில் நடக்கும் சூப்பர்கிராஸைச் சேர்க்காமல், அமெரிக்கத் தேசியத் தொடரில் 102. தொடரும் வேறு, எதிராளிகளும் வேறு என்பதால் அந்த ஒரு வெற்றி வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. எவர்ட்ஸின் எண்ணிக்கையை 2023இல் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் தாண்டிவிட்டார். ஆனால் ஹெர்லிங்ஸின் உலகப் பட்டங்கள் 5, எவர்ட்ஸுக்கோ 10. வெற்றிகளை எண்ணினால் ஒருவர், பட்டங்களை எண்ணினால் இன்னொருவர்.

2003இல் பிரான்சின் எர்னே தடத்தில் எவர்ட்ஸ் ஒரே நாளில், எஞ்சின் அளவால் பிரிக்கப்பட்ட மூன்று வகுப்புகளில் வென்றதைக் கட்டுரையாளர் அசைக்க முடியாத சான்றாகக் காட்டுகிறார். அன்றைய விதிப்படி ஒரு வகுப்புக்கு ஒரே ஓட்டம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சாதனை அதனால் சிறுத்துவிடாது. ஆனால் ஒரு வகுப்புக்கு இரண்டு ஓட்டங்கள் நடக்கும் காலத்தவரோடு அதை ஒப்பிட முடியாது. கார்மைக்கேல் தரப்பும் இதே தவற்றைத்தான் செய்கிறது. 2002, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கார்மைக்கேல் அமெரிக்கத் தேசியத் தொடரின் பெரிய வகுப்பில் 24 ஓட்டங்களில் 24ஐயும் வென்றார் என்பது உண்மையே. ஆயினும் 2004இல் அவருக்குச் சவாலாகியிருக்கக்கூடிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட், சிறிய எஞ்சின்களுக்கான 125 சிசி வகுப்பில் ஓடிக்கொண்டிருந்தார். அதே ஸ்டூவர்ட் 2008இல் பெரிய வகுப்பில் 24க்கு 24 வென்று காட்டினார். 2023இல் அதே தொடரில் 22க்கு 22 வென்ற ஜெட் லாரன்ஸுக்கு எதிரே, முந்தைய ஆண்டின் சாம்பியன் ஈலை டோமாக், காயம் காரணமாக, இல்லை. தொடக்கத்தில் வண்டிகளைத் தடுத்து நிறுத்தும் கதவு விழும்போது அதன் பின்னால் யார் யார் நின்றார்கள் என்று கேட்காமல் இந்த எண்களை ஒப்பிடுவது வீண்.

வீரரையும் வண்டியையும் பிரித்துப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சோதனை, அவர்கள் அணி மாறிய ஆண்டுகள்தான். எவர்ட்ஸ் சுசுகி, கவாசாகி, ஹோண்டா, யமஹா ஆகிய நான்கு நிறுவனங்களின் வண்டிகளிலும் உலகப் பட்டம் வென்றவர். கார்மைக்கேல் கவாசாகியிலிருந்து ஹோண்டாவுக்கு மாறிய முதல் ஆண்டிலேயே, 2002இல், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியில் தேசியத் தொடரின் ஓர் ஓட்டத்தையும் இழக்கவில்லை. 2004இல் வேறு வகையான ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியில் அதையே மீண்டும் செய்தார். நல்ல வீரரைத்தான் நல்ல அணி அழைக்கும் என்பதால் இந்தச் சோதனையும் முழுத் தூய்மையானதன்று.

நான் எவர்ட்ஸ் பக்கம் நின்றவன். எல்லோரும் இருக்கையில் அமர்ந்து திணறும் வளைவிலும், கால்மிதியில் நிமிர்ந்து நின்று, முழங்கால்களால் வண்டியை இறுக்கிப் பிடித்தபடி அவர் சலனமில்லாமல் கடந்து போவதைப் பார்த்தே மனத்தைப் பறிகொடுத்தேன். ஆனால் கணக்குப் பார்க்கத் தொடங்கும் முன், எஞ்சின் வகை மாறியும் தோல்வியே காணாதவர் எவரோ அவருக்கே என் வாக்கு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த வரி என்னைக் கார்மைக்கேல் பக்கம் தள்ளிவிட்டது, அரைமனத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். நாடுகளுக்கிடையேயான போட்டியை வைத்துத் தீர்க்கலாம் என்றால், 2003இல் பெல்ஜியமும் 2005இல் அமெரிக்காவும் வென்றிருக்கின்றன. மூன்று பேர் கொண்ட அணியின் வெற்றியை ஒருவர் கணக்கில் எழுதவும் முடியாது.

எந்தத் தகவல் கிடைத்தால் எவர்ட்ஸைக் கைவிடுவேன் என்று தங்கள் கட்டுரையாளர் அடுத்த இதழில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கார்மைக்கேலைக் கைவிட எனக்கு எது தேவை என்பதை நானும் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்