புடையனும் கண்ணாடிக் குழாயும்

ஒட்டுசுட்டான்

அன்பின் மச்சான்,

தனக்குத் தானே பாம்பு விஷம் ஏத்தின ஆளைப் பற்றி நீ எழுதின கடிதம் வந்து மூண்டு கிழமை. பதில் போடாததுக்குக் காரணம் தம்பி. அவனைப் புடையன் பாம்பு, அதுதான் கண்ணாடி விரியன், கடிச்சுப் போட்டுது. பயப்படாதை, இப்ப எழும்பி நடக்கிறான். கஞ்சியில உப்பில்லை எண்டு மனுசியோட சண்டையும் பிடிக்கிறான்.

இரவு எட்டு மணி போல மடை மாத்தப் போனவன். மடிச்சுக் கட்டின சாரம், வெறுங்கால். கையில ரோச் லைற் இருந்ததாம், பற்றறி இறங்கிப் போகும் எண்டு நூத்துப்போட்டு நடந்தவராம்! வரம்பில கிடந்ததை மிதிச்சிட்டான். பக்கத்து வயல்காரர் கயிறெடுத்துக் காலை இறுக்கிக் கட்டி, விஷகடி வைத்தியரிட்டக் கொண்டு போயிட்டினம். நான் ஓடிப்போய்ச் சத்தம் போட வாயெடுக்க முன்னம் அந்தக் கிழவரே, "இது புடையன். ஓட்டோவைத் திருப்பு, ஆசுப்பத்திரிக்குப் போ" எண்டார். அந்த மனுசனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன்.

முதல் போனது ஒரு சின்ன ஆசுப்பத்திரி. அங்க விஷமுறி மருந்து ஏத்த வசதியில்லை, அது பரவாயில்லை. ரத்தம் உறையுதோ எண்டு பாக்க ஒரு கண்ணாடிக் குழாய் கூட இல்லை, பிளாஸ்டிக்தான் இருந்தது. கண்ணாடி பட்டால்தான் மச்சான் ரத்தத்துக்கு உறையிற எண்ணம் கெதியா வரும். பிளாஸ்டிக்கில நல்ல ரத்தமே சுணங்கும், அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. அம்புலன்சில ஏத்தி அனுப்பிவிட்டினம்.

பெரிய ஆசுப்பத்திரியில முதல் கயிறை அவிழ்த்தவை. புடையன் கடிக்குக் கட்டுப் போட்டால் விஷம் ஓரிடத்தில தேங்கித் தசையைத் தின்னுமாம். பிறகு கொஞ்ச ரத்தம் எடுத்து, புதுக் கண்ணாடிக் குழாயில விட்டு, 20 நிமிசம் ஆட்டாமல் அசைக்காமல் வைச்சு, ஒருக்கால் சரிச்சுப் பாத்தினம். தண்ணி மாதிரி ஓடிச்சு. நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

ரத்தத்தை உறையவைக்கிற காரணியளை உரோம இலக்கத்தில பாடமாக்கினது ஞாபகமோ? அதில பத்தாவதைப் புடையன்ர விஷத்தில இருக்கிற ஒரு நொதியம் தட்டி எழுப்பிவிடுது. உடம்பெல்லாம் தேவையில்லாத உறைதல் நடந்து உறையவைக்கிற சரக்கு முழுக்க முடிஞ்சு போகுது. தீபாவளிக்கு முதல் கிழமையே காசைச் செலவழிச்சுப்போட்டு நிக்கிற வீடு மாதிரி. விடியப்பறம் இமை ரெண்டும் விழுந்திட்டுது. எங்கட தீவுப் புடையன் ரத்தத்தோட நிக்காது, நரம்பிலயும் கை வைக்கும்.

ஏத்தின மருந்து இந்தியாவில இருந்து வாறது. நாகம், எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்), புடையன், சுருட்டை நாலின்ர விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏத்தி, அந்த விஷத்தை முறிக்கக் குதிரை உண்டாக்கிற புரதத்தை, அதுதான் பிறபொருளெதிரியை, எடுக்கினம். 1890களில கல்மெற் எண்ட பிரெஞ்சு விஞ்ஞானி செய்த அதே வழிதான் இண்டைக்கும். விஷம் எடுக்கிறதும் இந்தியப் பாம்பில, எங்கட புடையன்ர விஷம் கொஞ்சம் வேற. குதிரைப் புரதம் உள்ள போனால் எங்கட உடம்பு சும்மா இருக்குமோ? அதால முதலில தோலுக்குக் கீழ சின்ன அளவு அட்ரினலின் போட்டவை. இது இலங்கையிலயே 1,007 நோயாளரில செய்து 2011இல வெளிவந்த ஆய்வு. கடுமையான ஒவ்வாமை முதல் மணித்தியாலத்தில 43 வீதம் குறைஞ்சதாம். போட்டும் தம்பி நடுங்கினான், உடம்பு முழுக்கத் தடிச்சுது. போடாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ.

இனி நீ எழுதின ஆளிட்ட வாறன். கிட்டத்தட்ட 18 வருசம் விஷத்தைத் தனக்குத் தானே ஏத்தி, 200 தடவைக்கு மேல கடியும் வாங்கின ரிம் ஃப்ரீட். எங்கட பக்கம் எண்டால் புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைச்சு, ஆளைப் பிடிச்சுக் கட்டியிருப்பம். ஆனால் அவற்ற ரத்தத்தில இருந்து எடுத்த ரெண்டு பிறபொருளெதிரியோட வரெஸ்பிளாடிப் எண்ட மருந்தையும் சேத்து எலிக்குக் குடுக்க, 19 பாம்பில 13இன்ர விஷத்துக்கு முழுப் பாதுகாப்பு, மிச்சத்துக்கு அரைகுறையாய். 2025 மே மாதம் வந்த செய்தி. அதே வருசம் தையில, 2024இல நோபல் எடுத்த டேவிட் பேக்கர் எண்ட விஞ்ஞானியின்ர ஆக்கள் குதிரையும் வேண்டாம் பாம்பும் வேண்டாம் எண்டு கணினியிலயே புரதம் வடிவமைச்சு, நாக விஷத்தின்ர நரம்பு நஞ்சைக் கட்டிப்போட்டிருக்கினம். வாசிச்சு அண்டிரவு எனக்கு நித்திரையில்லை.

ஆனால் ஒண்டைக் கவனிச்சியோ? அந்த ரெண்டு ஆய்வும் நாகமும் எண்ணெய் விரியனும் சேர்ந்த குடும்பத்துக்கு. புடையன் அதுக்குள்ள இல்லை. வரெஸ்பிளாடிப் குளிசையாயும் குடுக்கலாம், இருதய நோய்க்கெண்டு செய்து சரிவராமல் கைவிட்ட மருந்து அது. புடையன் விஷத்தில ஒரு பங்கை அது அடக்கும். பத்தாம் காரணியைத் தட்டிற நொதியம் வேற சாதி, அதைத் தொடாது. இந்தியாவிலயும் அமெரிக்காவிலயும் கடிபட்ட ஆக்களுக்குக் குடுத்துப் பாத்ததில ஒட்டுமொத்தப் பலன் நிரூபணமாகேல்லை. கெதியா எடுத்த ஆக்களில மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரிஞ்சதாம்.

எனக்கு அந்த ஆய்வாளரில கோவமில்லை. இலங்கையில வீடு வீடாய்ப் போய் எடுத்த கணக்கில வருசம் 80,000 பேருக்குக் கடி, 400 பேருக்கு மேல சாவு. வயல்காரன் எந்தப் பாம்பை மிதிப்பான் எண்டு பாத்து ஆய்வுக்குக் காசு ஒதுக்கிறேல்லையே எண்டுதான் மனம் கேக்குது.

நீ வரேக்க சொக்லேற் கொண்டு வராதை, எனக்குச் சீனி வருத்தம். கண்ணாடிச் சோதனைக் குழாய் ஒரு பெட்டி கொண்டு வா. சின்னன், புதுசு, சவர்க்காரம் படாதது. அந்தச் சின்ன ஆசுப்பத்திரி மிஸ்ஸியிட்டக் கேட்டனான், தந்தால் வைச்சிருப்பாவாம். தம்பிக்கு முழங்கால் சப்பாத்து வாங்கிக் குடுத்தன், சேத்தில புதையுது எண்டு கோழிக்கூட்டுக்கு மேல வைச்சிருக்கிறான். ரோச்சை மட்டும் இப்ப பகலிலயும் எரிச்சுக்கொண்டு திரியிறான்.

உன்ர பழைய வாங்குக்காரன்