தண்ணீரை மாற்றினீர்கள், சொல்லவில்லையே

பெறுநர்: பொறுப்பதிகாரி, நீர் வழங்கல் நிறுவனம்
விடயம்: கிணற்று நீரிலிருந்து குளத்து நீருக்கு மாற்றியதால் ஏற்பட்ட சிரமமும் கூடுதல் பில்லும்

ஐயா,

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் 11 வருடமாகத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். இவ்வளவு காலமும் உங்கள் குழாயில் வந்தது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். மூன்று கிழமைக்கு முன் அதை நிறுத்தி, சுத்திகரித்த குளத்துத் தண்ணீரை விட்டிருக்கிறீர்கள். காலை 5 மணிக்குக் கேத்திலில் செங்காவி நிறத்தில் தண்ணீர் விழுந்தபோதுதான் எனக்கு அது தெரியவந்தது.

குளத்துத் தண்ணீருக்கு நான் எதிரி இல்லை. வன்னியின் பாறை நிலத்துக் கிணறுகளில் கல்லுத்தன்மை அதிகம், பல இடங்களில் புளோரைட்டும் அதிகம். இலங்கைத் தரம் அனுமதிப்பது லீற்றருக்கு 1 மில்லிகிராம். காய்ச்சினாலும் அது போகாது. சிறுநீரக நோய்க்குப் பயந்து எத்தனையோ வீடுகளில் வடிகட்டிய தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கேத்திலில் படியும் வெள்ளைப் படையைத் தேசிக்காய் விட்டுச் சுரண்டும் வேலை இப்போது என் மனைவிக்கு இல்லை. பிளேன்டீயின் மேல் ஆடை கட்டுவதும் நின்றுவிட்டது. நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் மாற்றிய விதம் சரியில்லை. பழைய குழாய்க்குள் படிந்திருந்த இரும்பும் சுண்ணாம்பும், வேறு குணமுள்ள தண்ணீர் ஓடியதும் கழன்று வருகின்றன என்று உங்கள் ஊழியரே தொலைபேசியில் விளக்கினார். சரி, தெரிந்த விடயம்தானே, முன்கூட்டியே குழாய்களைக் கழுவியிருக்கலாமே? உங்கள் குழாய் முடிவது எங்கள் ஒழுங்கையில். கசடெல்லாம் வந்து நிற்பதும் இங்கேதான். "திறந்து விடுங்கோ, தெளியும்" என்றார். ஆறு நாள் திறந்து விட்டேன், மானியும் கூடவே ஓடியது. வழமையாக 22 அலகு வரும் பில்லில் இம்முறை 31. ஒரு அலகு 1,000 லீற்றர். உங்கள் கசட்டைக் கழுவி 9,000 லீற்றரைக் கானில் விட்டவன் நான், அதற்குக் காசு கட்டுபவனும் நானாம்!

அப்புறம் குளோரின். குளத்து நீரில் பாசியும் இலைதழையும் கலந்திருப்பதால் அது கூடுதலாகத் தேவைப்படும், விளங்குகிறது. ஆனால் காலையில் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது, பின்னேரம் மணமே இல்லை. "அண்ணை, தேத்தண்ணிக்குள்ள மருந்து ஏதும் போட்டனீங்களோ?" என்று வழமையாக வரும் ஓட்டோக்காரர் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல?

இதைவிடப் பெரிய யோசனை ஒன்று இருக்கிறது. பழைய குழாய்க்கிணற்றின் பம்பியைக் கழற்றி லொறியில் ஏற்றியதைக் கண்டேன். ஆவணி, புரட்டாதியில் குளம் அடிமட்டத்துக்கு வற்றினால், வயலுக்குத் துருசை (குளத்து மதகை) திறக்கக் கேட்கும் கமக்காரனுக்கா எங்கள் குழாய்க்கா தண்ணீர்? கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகக் கமக்காரர் சம்மதிக்காமல், கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்ட வேண்டிவந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பம்பியைத் திரும்பப் பூட்டி, அவசரத்துக்கென்று கிணற்றை வைத்திருங்கள்.

மேலதிக 9 அலகையும் பில்லில் கழித்துத் தாருங்கள். ஒழுங்கை முடிவில் கழுவு வால்வு ஒன்று போட்டு, உங்கள் ஆட்களே வந்து கழுவட்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

பில்லின் பிரதியை இணைத்திருக்கிறேன். முதல் நாள் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக் கடையில் வைத்திருக்கிறேன். வந்தால் காட்டலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், தேத்தண்ணிக் கடைக்காரர்