ரெயூனியன் வாத்தியாருக்கும் மற்றவர்களுக்கும்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் வாழும், தமிழ் வழிவந்த மல்பார்களின் இசையைப் பற்றிய என் ஆய்வேடு சென்ற வாரம் ஏற்கப்பட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது முறையல்ல என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி சேந்த் ஆந்த்ரே ஊர் வாத்தியார் ஐயாவுக்கு. அங்கே அவர் ‘வார்த்தியால்’. அவர் விடிய விடிய நடத்தும் நாடகம் ‘நார்ல்கோன்’, மத்தளம் ‘மத்தலோன்’. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர். தமிழ் பேசத் தெரியாது. ரோமன் எழுத்தில் பாட்டுகள் எழுதிய பழைய நோட்டு ஒன்றை மூன்று மாதம் கழித்துத்தான் என் கையில் கொடுத்தார். அதில் ‘வந்தேனே’ இரண்டு துண்டாக இரண்டு வரிகளில் கிடந்தது. மூச்சு முடிகிற இடத்தில் சொல்லும் முடிந்திருந்தது. ஆர்வக்கோளாறில் பென்சிலை எடுத்தேன். நோட்டை மெல்ல இழுத்துக்கொண்டு, “என் அப்பா இப்படித்தான் பாடினார்” என்றார், தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோலில். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த ஒரு பேச்சிலிருந்துதான் பிறந்தது.

அடுத்து, தப்புப் பறை காய்ச்சிய தம்பிகளுக்கு. பாஞ்சாலியை அங்கே ‘பந்தியாலே’ என்கிறார்கள். அவள் கோயில் தீமிதிக்கு முன் காய்ந்த கரும்புத் தோகையை மூட்டி, தோலைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பீர்கள். இன்னும் ஆகவில்லை என்று தலையாட்டி மறுபடி காட்டுவீர்கள். என் ஒலிப்பதிவுக் கருவியில் பேட்டரி தீர்ந்தபோது இருட்டில் கடை தேடி ஓடியவர்களும் நீங்கள்தான். யுனெஸ்கோ 2009இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த, தீவின் கிரியோல் மக்களின் இசையான மலோயாவையும் அதே கைகளே வாசித்தன. “நீங்கள் மல்பாரா, கிரியோலா?” என்று கேட்டேன். சிரித்தீர்கள். அந்தக் கேள்வியை அன்றே அடித்துவிட்டேன்.

விழுப்புரம் பக்கத்துக் கூத்து வாத்தியாருக்கு: செல்பேசியில் பதிவைக் கேட்டுத் தொடையில் தாளம் போட்டபடி, “அடி நம்முடையது, சொல்தான் கடல் தண்ணீர் குடித்திருக்கிறது” என்றீர்கள். நான் பல பக்கம் எழுதியும் அவ்வளவு தெளிவாக வரவில்லை.

உதவித்தொகை இரண்டாம் ஆண்டிலேயே நின்றது. அதன்பின் விமான டிக்கெட்டானது அக்காவின் வளையல். மீட்டுவிடுகிறேன், அக்கா.

வார்த்தியால் ஐயா, இதை உங்கள் பேத்தி கிரியோலில் சொல்லிக் காட்டுவாள். நோட்டின் ஒளிநகலும் பதிவுகளும் தபாலில் வருகின்றன. ஓர் எழுத்தும் திருத்தவில்லை.